டிக்கியில் அடங்காத இரண்டு விரல்

கத்தி ஸ்பாஞ்சுக்குள் இறங்கும்போது சத்தமே வராது. அதனாலேயே அந்தக் கைகள் அவசரப்படவில்லை. இடது கை பாளத்தின் மேல் பரவி அதை அசையாமல் பிடித்திருக்க, வலது கை நீளக் கத்தியைத் தன் பக்கமாக இழுத்தது. பாதி வெட்டில் நிறுத்தி, சாணைக்கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, விட்ட இடத்திலேயே திரும்ப இறக்கியது. வெட்டிய முகத்தைக் கட்டைவிரல் தடவிப் பார்த்தது. ஓரிடத்தில் மேடு தட்டியது. கண்ணுக்குத் தெரியாத மேடுதான். அதையும் சீவி எடுத்த பிறகே அந்தக் கைகளுக்கு நிம்மதி.

உருவாகிக்கொண்டிருந்தது ஒரு வீல்சேர். முழுக்க முழுக்க ஸ்பாஞ்சில். உட்கார முடியாது, உருட்ட முடியாது, சக்கரமும் ஸ்பாஞ்ச்தான். முதுகுப் பகுதி மடங்கி இருக்கையின் மேல் படுத்திருக்கும் நிலையில், உம்மென்று குந்தியிருக்கும் கரடி மாதிரி இருந்தது. இப்படி ஒரு பொருளை வேறெந்தக் குஷன் கடையிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவரிடம் கேட்டார்கள். கேட்டவர் வேறு யாருமில்லை, மச்சான்.

பஞ்சர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. கார் சீட் தைப்பது, கிழிந்த சோபாவுக்கு உயிர் கொடுப்பது, லாரி டிரைவர்களின் இடுப்பைக் காப்பாற்றுவது எல்லாம் அங்கேதான். தெருவுக்கு அவர் 'குஷன்காரர்'. ஆரம்பத்தில் ஒரு பட்டறையில் கார் கழுவிக்கொண்டிருந்தவர். யாரோ தூக்கிப்போட்ட பழைய சீட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பிரித்தார். இப்படிப் பிரித்துப் பிரித்தே தைக்கக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை, கெட்டுப்போன சீட்டுகள்தான்.

தொழில் கைக்கு வந்ததும் மூளைக்கும் ஏறிவிட்டது. எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் உள்ளங்கையால் இருக்கையை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். பிறகு அதைச் செய்தவனுக்காக ஒரு பெருமூச்சு விடுவார். முதன்முதலாக மனைவியின் வீட்டுக்குப் போனபோது, வருங்கால மாமனார் "உட்காருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "உள்ள ரெண்டு ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு" என்றார். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வாசகம் அதுதான். அதற்குப் பிறகும் பெண் கொடுத்தார்கள் என்றால், சோபா அவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மூன்று விரல் கனம் கேட்டால் ஐந்து விரல் போடுவார். கேட்டதை மட்டும் கொடுப்பவன் வியாபாரி, கேட்காததையும் கொடுப்பவன்தான் தொழில்காரன் என்பது அவர் கொள்கை. பக்கத்துத் தெரு டாக்சி டிரைவர் ஒருவர் இவரிடம் சீட் தைத்துக்கொண்ட நாளிலிருந்து, கூரை தலையில் இடிப்பதால், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வண்டி ஓட்டினார். கழுத்து வலிக்கு மருந்து வாங்கப் போகும் வழியில்கூடக் கடை முன்னால் நிறுத்தி, "சொகுசுன்னா அண்ணன் சொகுசுதான்" என்று சாய்ந்த தலையோடு சொல்லிவிட்டுப் போவார். சொகுசைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்?

இனி மச்சான். மனைவியின் அண்ணன். இவர்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் குடியிருப்பவர். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. எந்தப் பொருளையும் ஒப்பிடாமல் வாங்கமாட்டார். ஒப்பிட ஆரம்பித்தால் வாங்கவேமாட்டார். ஃபிரிட்ஜ் வாங்க அவர் ஆராய்ச்சி செய்து முடிப்பதற்குள் அந்தக் கடையே மூடிவிட்டது. பூட்டிய ஷட்டரின் முன் நின்று, "நல்லவேளை, அவசரப்படல" என்றவர்.

அவர் இப்போது எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கப்போகிறார். வாங்கப்போகிறார், வாங்கப்போகிறார் என்று வீடே பேசிக்கொண்டிருந்தது. ஓடும் தூரம், சார்ஜ் ஏறும் நேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்து, கடைசியாக டிக்கிக்கு வந்து சேர்ந்திருந்தார். அங்கேதான் சிக்கல். அந்த டிக்கியில் ஏற வேண்டியது குஷன்காரர் மனைவியின் தங்கையுடைய வீல்சேர்.

மனைவியின் தங்கையை வீட்டில் 'ரேடியோ' என்பார்கள். சின்ன வயதிலேயே அவள் கால்கள் வேலையை விட்டுவிட்டன; அவற்றுக்கும் சேர்த்து வாய் உழைத்தது. ஒரு அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே பிழை திருத்திக்கொண்டிருந்தாள். கூடத்து ஜன்னலோரம் அவள் மேசை. நான்கு கால்களுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திய மேசை. ஏன் உயர்த்தியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுப் பொருள்கள் அப்படித்தான். கொஞ்ச நாள் ஒரு மாதிரி நின்றுவிட்டால், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது அச்சகத்தில் அவளைப் பிழை திருத்தும் பிரிவுக்கே தலைவியாக்கியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, தினமும் நேரில் வர வேண்டும். ஒண்ணாந்தேதியிலிருந்து. மேலாளர் போனில் கறாராகப் பேசினார்.

"ஒண்ணாந்தேதி உங்க நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, வேற ஆளை உட்கார வெச்சிடுவோம்மா. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"நான் நாற்காலியோடவே வர்றேன் சார். உங்க நாற்காலியில யாரை வேணா உட்கார வெச்சுக்கோங்க" என்றாள் ரேடியோ.

சொல்லிவிட்டாள். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் வைத்த அந்த நாற்காலியை ஆட்டோவில் ஏற்ற முடியாது. முதுகை மடக்கலாம், அவ்வளவுதான். மற்றபடி முழுசாக, பலகைச் சரிவு போட்டு, ஒரு டிக்கிக்குள் உருட்டி ஏற்ற வேண்டும். தினமும் அலுவலகம் போகும் வழியில் அவளை இறக்கிவிடுவதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டிதான் பாக்கி. மாதம் முடியவும் அதிக நாள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாடியிலிருந்து போனோடு இறங்கி வந்தார். "மாப்பிள்ளை, முடிவுக்கு வந்தாச்சு. மூணே வண்டிதான் தேறுது. ஒண்ணு ஐந்நூத்தி எண்பது லிட்டர், ஒண்ணு ஐந்நூத்தி இருபது, ஒண்ணு நானூத்திச் சொச்சம். டிக்கி கொள்ளளவு."

ரேடியோ தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லிட்டரா? என்னை என்ன, டின்ல ஊத்தியா கொண்டுபோகப் போறே?"

"எல்லாக் கம்பெனியும் லிட்டர்லதான் சொல்வாங்க. உலக வழக்கம்."

"சரி. என் நாற்காலி எத்தனை லிட்டர்?"

மச்சான் போனில் மேலும் கீழும் தேடினார். எட்டு மாத ஆராய்ச்சியில் அந்தக் கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது.

"அதுவுமில்லாம" என்று அவள் தொடர்ந்தாள், "அந்த ஐந்நூத்தி எண்பதுல தரைக்குக் கீழ இருக்கிற குழியும் சேர்த்தியா? சார்ஜர் ஒயர் வைக்கிற பொந்து? ஓரத்துல குடை வைக்கிற சந்து? கூரை வரைக்கும் அளந்தாங்களா, கண்ணாடி வரைக்குமா? பின்சீட்டை மடக்கியா, மடக்காமலா? மணலைக் கொட்டி அளந்தா எல்லா டிக்கியும் பெரிசுதான் அண்ணா. நான் மணல் இல்ல."

"சின்னப் பசங்க மாதிரி பேசாதே. எல்லாம் சராசரியா வரும்."

"எது, கதவா? சராசரியா மூடுமா?"

நிஜ நாற்காலியையே ஷோரூமுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிடலாம்தான். ஆனால் அது கிளம்பினால் ரேடியோ கட்டிலோடு கிடக்க வேண்டும். எடுத்துப் போக ஒரு வேன் பிடிக்க வேண்டும். ஷோரூம்கள் ஊரின் மூன்று மூலைகளில் இருந்தன. அப்போதுதான் மச்சானுக்கு அந்த அரிய யோசனை உதித்தது. "மாப்பிள்ளை, நீங்க தொழில்காரர் இல்லையா? அதே அளவுல ஒண்ணு செஞ்சிடுங்களேன். பொம்மை மாதிரி. தூக்கிட்டுப் போய் வெச்சுப் பார்த்துடலாம்."

தொழில்காரர் என்று சொல்லிவிட்டபின் அவர் மாட்டேன் என்பாரா?

நாற்காலியை மடக்கி வைத்து, மேடு பள்ளமெல்லாம் டேப்பால் அளந்து, அளவில் நூல் பிசகாமல் வெட்டி ஒட்டினார். வெட்டிய ஸ்பாஞ்ச், கடையில் சேர்ந்திருந்த மெத்தென்ற ரகம். கெட்டி ரகத்தை இதற்கெல்லாம் வீணாக்குவாரா? அது மனிதர்கள் உட்காருவதற்கு. வெறும் ஸ்பாஞ்சாகவே அனுப்பியிருக்கலாம். அது அவர் கௌரவத்துக்குச் சரிப்படவில்லை. மீதமிருந்த கருஞ்சிவப்பு ரெக்சினில் உறை தைத்தார். ஓரங்களில் கயிறு மாதிரி உருட்டிய பைப்பிங் வைத்துத் தைத்தார். சக்கரங்களுக்குக்கூட இரட்டைத் தையல்.

ரேடியோ அதைப் பார்த்துவிட்டு, "மாமா, என் நாற்காலியைவிட இது லட்சணமா இருக்கு. இதுக்கே அந்த வேலையைக் கொடுத்துடலாம். வாயும் பேசாது, மேலாளருக்குப் பிடிக்கும்" என்றாள். அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்பாஞ்ச் நாற்காலி மச்சானின் பழைய சின்னக் காரில், முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனது. குஷன்காரர் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவரை அல்ல.

முதல் ஷோரூமில் வண்டி சுழலும் மேடையில், ஏதோ பரிசு வாங்கியது போல நின்றிருந்தது. மூக்கு கூர்ந்து, பின்கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஐந்நூற்று எண்பது லிட்டர். ரேடியோ படத்தைப் பார்த்தே அதற்குச் 'சுறா' என்று பெயர் வைத்திருந்தாள். கமகமவென்று வாசனை பூசிய சேல்ஸ்மேன் ஓடி வந்தார்.

"சார், இது என்ன, சோபாவா?"

"வீல்சேர்" என்றார் மச்சான்.

"சூப்பரா இருக்கு சார். எங்க வாங்கினீங்க?"

பின்சீட்டை மடக்கி, உள்ளே வைத்து, சேல்ஸ்மேன் டிக்கிக் கதவை இறக்கினார். பாதியில் நின்றது. இடுப்பால் லேசாக ஒரு இடி இடித்தார். மூடிக்கொண்டது.

"பார்த்தீங்களா சார்? உள்ள இன்னும் இடம் இருக்கு!"

இரண்டாவது வண்டி நான்கு மூலையும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. ரேடியோ அகராதியில் 'சோப்பு'. அங்கே கதவு தானாக மூடும். பொத்தானை அமுக்கினால் மெதுவாக இறங்கி, ஏதாவது தட்டினால் பயந்து மேலே போய்விடும். இரண்டு தடவை பயந்தது. மூன்றாம் தடவை சேல்ஸ்மேன் கையை விட்டு ஸ்பாஞ்சை உள்ளே அமுக்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினார், மூடியது. "செட்டிங்ஸ் சார், சரி பண்ணிக்கலாம்" என்றார்.

மூன்றாவது வண்டி நேராக நிமிர்ந்த பின்பக்கத்தோடு, பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் வைத்த மாதிரி நின்றது. 'டப்பா'. பட்டியலில் கடைசி. அந்தச் சேல்ஸ்மேனே அதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அதிலும் லேசாக ஒரு தள்ளு தள்ளியதும் மூடிவிட்டது.

மூன்றும் பாஸ். மச்சான் மகிழ்ச்சியில் திளைத்தார். "மூணும் சரின்னா அப்புறம் லிட்டர்தான் மாப்பிள்ளை தீர்மானிக்கணும்!" நேராகச் சுறாவுக்குத் திரும்பிப் போய் முன்பணம் கட்டிவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்பட்டார். அதுவும் சரியாக அன்றைக்கு.

குஷன்காரருக்கு மட்டும் உள்ளங்கை அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிக்கியைத் திறக்கும்போதும் அந்த ஸ்பாஞ்சுக் கரடி ஒரு பெருமூச்சு விட்டு எழுந்ததை அவர் பார்த்திருந்தார். நல்ல ஸ்பாஞ்ச் அப்படித்தான் எழ வேண்டும் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டார். மச்சான் முன்பணம் கட்டும் இடத்தில் வாயைத் திறக்க நினைத்தார். ஆனால் பைப்பிங்கை ஷோரூம் பெண் ஒருத்தி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோ ஸ்பாஞ்ச் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, தாளைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள். மேல்பக்க ரெக்சினில் குறுக்காக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. விரலால் அந்தக் கோட்டின் மேலேயே போனாள்.

"மாமா, கதவு இங்கதான் உட்கார்ந்துச்சா?"

"அது... கொஞ்சம் அமுங்கிச்சு."

"என் நாற்காலி அமுங்குமா?"

அடுப்படி வாசலில் நின்ற மனைவிதான் சொன்னாள். "ஏங்க, இரும்பு நாற்காலிக்குப் பஞ்சுல நகல் எடுக்கலாமா கூடாதான்னு அண்ணனுக்குத் தெரியாதது சரி. உங்களுக்குமா?"

அதுதான் விஷயம். வேறு யார் செய்திருந்தாலும் அட்டையிலோ மரத்திலோ செய்திருப்பார்கள். வாழ்நாள் முழுவதும் கையால் அழுத்தினால் இறங்குகிற பொருளையே தொட்டவருக்கு, இறங்காத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

மறுநாள் தச்சரிடம் போய் பிளைவுட் வாங்கி வந்தார். வீட்டு வாசலில் வைத்தே வேண்டா வெறுப்பாக அறுத்தார். அதே அளவு, ஆனால் மெத்தை இல்லை, உறை இல்லை, மூலையெல்லாம் கூர். ஆணி அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்த பொருள்களிலேயே மனிதர் தொட்டால் கை கிழியக்கூடியது அது ஒன்றுதான். ரெக்சின் துண்டு ஒன்றையாவது ஒட்டலாமா என்று இரண்டு தடவை எடுத்து வைத்துப் பார்த்தார். ரேடியோ ஜன்னலோரத்திலிருந்தே, "மாமா, வேணாம்" என்றாள்.

சுறா ஷோரூமில் அதே வாசனை, அதே சேல்ஸ்மேன். பிளைவுட் நாற்காலியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. உள்ளே வைத்தார்கள். சரிவான கண்ணாடி அதன் உச்சியில் வந்து உட்கார்ந்தது. கதவுக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். சேல்ஸ்மேன் இடுப்பால் இடித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், போன வாரம் மூடிச்சே?"

"போன வாரம் அது ஸ்பாஞ்ச்" என்றார் மச்சான்.

"அப்ப அதையே எடுத்துட்டு வந்திருக்கலாமே சார். நல்லாத்தானே இருந்துச்சு? இது எதுக்கு?"

"ஐந்நூத்தி எண்பது லிட்டர்னு போட்டிருக்கீங்களே, அது எங்க இருக்கு?"

சேல்ஸ்மேன் உற்சாகமானார். தரைப் பலகையைத் தூக்கினார், கீழே குழி. பக்கவாட்டு மூடியைத் திறந்தார், சந்து. "எல்லாம் இருக்கு சார். ஒரே இடத்துல இல்ல, அவ்வளவுதான்."

அடியில் பேட்டரி படுத்திருந்ததால் டிக்கித் தரை மேடேறியிருந்தது. காற்றைக் கிழிக்க வேண்டுமென்று கூரையைச் சரித்திருந்தார்கள். மேலேயும் கீழேயும் நெருக்கிவிட்டு, மிச்சத்தைப் பொந்துகளில் பங்கிட்டுக் கணக்கு காட்டியிருந்தார்கள். சோப்பில் கதவு பிளைவுட்டைத் தொட்டுத் தொட்டுப் பயந்து, கடைசியில் மேலேயே நின்றுகொண்டு கீச்சுக் கீச்சென்று கத்தியது.

டப்பாவில் மட்டும் கிட்டத்தட்ட உள்ளே போனது. அகலம் சரி, நீளம் சரி. உயரத்தில், கதவின் மேல்விளிம்புக்குக் கீழே போகாமல் தட்டி நின்றது. குஷன்காரர் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு, ஒப்பீட்டாளருக்கே உரிய தெளிவோடு, "ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த வருஷ மாடல்ல முப்பது லிட்டர் கூட்டுறாங்களாம்" என்றார்.

"அதுவரைக்கும் பிரஸ்ஸை மூடி வைக்கச் சொல்லட்டுமா?" என்றாள் ரேடியோ. வழக்கமான குரல்தான். சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள். அந்த வீட்டில் ரேடியோ நின்றுவிட்டால் சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்கும். எல்லாருக்கும் கேட்டது.

சாயங்காலம் அவளைக் கட்டிலுக்கு மாற்றிய பிறகு, குஷன்காரர் காலியான நாற்காலியின் முன் தரையில் உட்கார்ந்தார். முதுகை மடக்கினார். அது இருக்கை மெத்தையின் மேல் போய்ப் படுத்தது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார். மேலே ஒரு மெல்லிய அடுக்கு இறங்கியது. அடியில் கெட்டி ஸ்பாஞ்ச், கல் மாதிரி. அவர் கையால் வைத்தது. நாற்காலி வந்த வருடம் டாக்டர் எழுதிக்கொடுத்த கனம், இவர் கணக்கில் நான்கு விரல். டாக்டருக்கு ஸ்பாஞ்சைப் பற்றி என்ன தெரியும்? இவர் ஆறு போட்டார். மச்சினிக்கு என்று சும்மா செய்ய முடியுமா? கழன்று வரக்கூடாதென்று அடிப்பலகையோடு சேர்த்து ஆணி அடித்து, சுற்றிலும் தைத்து இறுக்கியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அமுக்கிப் பார்க்கச் சொல்லிக் காட்டிய மெத்தை.

ஆறில் நான்கு போனால் எத்தனை என்று அவருக்குக் கணக்கு வர வெகுநேரம் ஆனது. தெரியாத கணக்கல்ல.

கட்டிலிலிருந்து ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"டிக்கி விஷயம் தெரியாது. ரெண்டு விரல் விஷயம் தெரியும். அந்த மேசைக்குக் கீழ கட்டை வெச்சது எதுக்குன்னு நினைச்சீங்க? அழகுக்கா?"

அவர் திரும்பி ஜன்னலோர மேசையைப் பார்த்தார். கட்டைகளைத் தினமும் பார்த்தவர்தான்.

"முட்டி இடிக்கும். உட்கார்ந்தா மேசைக்குள்ள கால் போகாது. அண்ணன்கிட்ட சொல்லி நாலு கட்டை வைக்கச் சொன்னேன். பிரஸ்ல மேசைக்கெல்லாம் யார் கட்டை வைப்பா? அதை வேற யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எட்டு விரலாக்கியிருப்பீங்க."

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. மனைவி சிரிப்பை அடக்க முயன்றதில் கை தவறியிருக்க வேண்டும்.

"நானும்தான் கேட்டுக்கிட்டே இருந்தேனே" என்றார், அடிபட்ட குரலில்.

"என்ன கேட்டீங்க? 'சுகமா இருக்கா, சுகமா இருக்கா'ன்னு கேட்டீங்க. சுகமாத்தான் இருந்துச்சு. 'உயரமா இருக்கா'ன்னு கேட்கவே இல்லையே மாமா." பிறகு குரலை இறக்கினாள். "நீங்க ஆசையா செஞ்சீங்க. கட்டை வைக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

அவர் எழுந்து போய், பிளைவுட் நாற்காலியின் உச்சியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கோடு போட்டு அறுத்தார். மறுநாள் காலை மச்சான் அதை டப்பா ஷோரூமுக்குக் கொண்டுபோனார். டிக்கிக் கதவு யாரும் தள்ளாமல், இடிக்காமல், தன் பாரத்திலேயே இறங்கி மூடியது. அந்தச் சத்தத்தை மச்சான் போனில் பதிவு செய்து கொண்டுவந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

"ஆனா மாப்பிள்ளை, லிஸ்ட்ல கடைசி வண்டி. எட்டு மாசம் உழைச்சு, கடைசி வண்டியையா வாங்கறது?"

"தலைகீழாப் பிடிச்சுப் படிண்ணா, முதல் வண்டி" என்றாள் ரேடியோ. திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சுறாவை ரத்து செய்து டப்பாவைப் பதிவு செய்தார் மச்சான். யாருக்கும் பிடிக்காத வண்டி என்பதால் கையிருப்பிலேயே இருந்தது. முப்பதாம் தேதிக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்றார்கள்.

மிச்சம் இருந்தது மெத்தை. அவர் நாற்காலியைக் கடைக்கே உருட்டி வந்து, ஊசிமுனைக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் தைத்ததைப் பிரித்தே தொழில் கற்றவருக்குத் தன் தையலைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தையலும் முரண்டு பிடித்தது. பாதி வழியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாவி இப்படி இழுத்துத் தைச்சான்?" என்று வாய்விட்டே கேட்டார். பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நீங்கதாண்ணே" என்றார்.

கெட்டி ஸ்பாஞ்ச் பாளத்தில் நான்கு விரலுக்குக் கோடு கிழித்தார். கத்தியை வைத்தார். கை தானாக ஒரு நூல் மேலே ஏறியது. இறக்கினார். திரும்பவும் ஏறியது. கடைசியில் இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்து, கத்தி ஏற முடியாதபடி வழி கட்டிக்கொண்டு அறுத்தார். தன் கையைத் தானே நம்பாமல் வேலை செய்தது அன்றைக்குத்தான்.

அடிப்பலகையோடு ஆணி அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, இதுவரை கடைக்குள்ளேயே விடாத ஒரு பொருளை வாங்கி வந்தார்: வெல்க்ரோ. பிடித்து இழுத்தால் டர்ரென்று கத்துகிற, தையல் தெரியாதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதென்று அவர் சொல்லிவந்த, அதே வெல்க்ரோ. நாளைக்கு இன்னொரு வண்டி வரலாம், இன்னொரு மேசை வரலாம். கழற்ற முடிய வேண்டும். அதைத் தைக்கும்போது கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.

முப்பதாம் தேதி சாயங்காலம் டப்பா வாசலில் நின்றது. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இதைவிட நல்ல வண்டி எங்கெல்லாம் இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஜன்னலோர மேசைக்குக் கீழிருந்த நான்கு கட்டைகளையும் மனைவி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். ரேடியோ கட்டில் விளிம்பில் காத்திருந்தாள்.

குஷன்காரர் மெத்தையை அடிப்பலகையோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கறுப்பு ரெக்சின், நேர்த் தையல், பைப்பிங் இல்லை. அவள் வாங்கவில்லை. கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் சேர்த்து, மெத்தையின் ஓரத்தில் படுக்க வைத்துப் பார்த்தாள். பக்கம் மாற்றி மறு ஓரத்திலும் பார்த்தாள். அச்சுக்குப் போகும் கடைசித் தாளைப் பார்க்கிற பார்வை.

"உள்ள ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா மாமா?"

"இல்ல."

"நிஜமா?"

"வேணும்னா பிரிச்சுப் பாரு."

"உங்க தையலையா? ஒண்ணாந்தேதி போயிடும்." அவள் ஒரு மூலையைப் பிடித்து வெல்க்ரோவை இழுத்துப் பார்த்தாள். டர்ரென்றது. அவர் முகம் சுளித்தார். அவள் இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

அவர் வாய், பழக்க தோஷத்தில், 'சுகமா இருக்கா' என்று கேட்கப் போனது. மூடிக்கொண்டு, மெத்தையைக் கொடுத்தார்.